தொட்டுக் காட்டிய பெயர்

பூவாத்தாள் தாலியை வெளியே எடுத்து, அதிலிருந்த தங்கத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். அப்புறம் இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கும்பிடெல்லாம் வேண்டாம்மா. உள்ள இருக்கற ஆளு பேரு என்ன, அதச் சொல்லு."

"அதத்தானுங்க சொன்னேன்."

"எங்க சொன்னே? உம்புருசன் பேரு தெரியாம எந்தக் கட்டில்ல போயித் தேடறது?"

அவள் மறுபடியும் தாலியைத் தொட்டாள், மறுபடியும் கும்பிட்டாள். காவல்காரர் சலித்துப்போய் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அவளை ராசிபுரத்திலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தவன் அவள் அண்ணன் சின்னராஜ். அவள் புருஷன் தங்கசாமிக்குத் திடீரென்று வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அவன் படிக்கிற சேலத்து வாத்தியார் டிரெயினிங் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொன்னதும், போட்டது போட்டபடி புறப்பட்டிருந்தார்கள். "நீ போயி மாப்பிள்ளையப் பாரு, நான் பெரிய வாத்தியாரக் கண்டு வெவரம் கேட்டுட்டு வாரேன்" என்று அவளை வாசலில் விட்டுவிட்டு அவன் பள்ளிக்கூடத்துக்கு நடந்துவிட்டான். புருஷன் பேரைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று அவனுக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. தட்டாரிடம் போனால்கூடத் 'தங்கம்' என்று சொல்லமாட்டாள், 'பவுன்' என்பாள். சாமியையும் விட்டுவிடலாம்தான். ஆனால் பெரியவர், சின்னவர் எல்லோரையுமே சாமி என்று கூப்பிடுகிற ஊரில் அதை விட்டால் ஊமையாகத்தான் திரிய வேண்டும். ஆகவே பாதிப் பேரை விட்டாள், பாதிப் பேரை வைத்துக்கொண்டாள்.

அப்போது துணிமூட்டையோடு வெளியே வந்த ஆயா ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்து நின்றாள். மயிலம்மாள் என்று பேர், வெற்றிலை போட்ட வாய்.

"என்ன அம்மிணி, ஊட்டுக்காரரா?"

"ஆமாங்க. வயித்துவலின்னு சேத்திருக்காங்களாமுங்க."

"பேரு?"

பூவாத்தாள் தாலியைத் தொட்டாள். கும்பிட்டாள்.

மயிலம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட கெரகமே! எங்க ஊட்டுக்காரரு பேரும் அதேதான் அம்மிணி! நானும் சொல்லமாட்டேன் போ."

பூவாத்தாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அவள் பல் வெளியே தெரிந்தது.

"ராசிபுரத்துப் பக்கந்தான? தோட்டங்காடு பண்றவரு?"

"ஆமாங்க, ஆமாங்க!"

"நெம்ப சொகமா இருக்கறாரு. நேத்து ராத்திரிதான் கொஞ்சம் படுத்திட்டாரு. காத்தால எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாரு, உப்பு பத்தலைன்னு என்னையே வைதாரு. சாயங்காலம் மணியடிச்சாத்தான் உள்ள விடுவாங்க. நானே கூட்டிட்டுப் போறேன், அந்த மரத்தடியில உக்காரு."

உப்புப் பத்தவில்லை என்று வைதார் என்றதும் பூவாத்தாளின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அது அவரேதான். அவள் ஆக்கிப்போட்ட எந்தச் சோற்றுக்கு உப்புப் பத்தியிருக்கிறது அவருக்கு!

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபிறகுதான் பசி தெரிந்தது. தெருவில் போன ஒருத்தியிடம் பொரி வாங்கி மடியில் கொட்டிக்கொண்டு தின்றாள். உள்ளே போனதும் போகாததுமாக அவரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கிணற்றடியில் எருதுகளை அப்படியே அவிழ்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள், பாத்தியில் மிளகாய் பாதிதான் நனைந்திருக்கிறது.

எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற அந்தக் கவலையை ஓட்டியது ஒரு காலத்தில் தங்கசாமிதான். அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரே கிணறு, அதிலும் கோடையில் சேறுதான் மிஞ்சும். "இந்தக் கெணத்த நம்பி ரெண்டு குடும்பம் பொழைக்காது பூவாத்தா. நான் படிச்சு வாத்தியாராப் போறேன்" என்று ஒரு நாள் வடக்கயிற்றைக் கீழே போட்டான். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான் அப்போது. ஊரே வாயைப் பிளந்தது. எட்டாவது வகுப்பில் மீசை முளைக்காத பையன்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அவனை வாத்தியார் என்று நினைத்து முதலில் அவனுக்குத்தான் கும்பிடு போட்டாராம். அதை அவனே வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பரீட்சை தேறி அவன் சேலத்துக்குப் போனதும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் கவலை ஓட்டினாள். பொம்பளை ஓட்டுவதைப் பார்க்கவே சிலர் வரப்பில் வந்து நின்றார்கள். அவள் சட்டை செய்யவில்லை. இந்தக் கோடையோடு படிப்பு முடிகிறது. ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடம் எங்கே கிடைத்தாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

பொங்கல் லீவுக்கு வந்தவன் தொழுவத்தையே பள்ளிக்கூடமாக்கிவிட்டான். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம், பின்னால் ஒரு வாத்தியார் உட்கார்ந்து பார்ப்பாராம். எருமை, இரண்டு ஆடு, பூவாத்தாள், இவர்கள்தான் வகுப்பு. ஆஜர் கூப்பிட்டான். எருமைக்கும் ஆட்டுக்கும் சேர்த்து அவளே "உள்ளேன் ஐயா" சொன்னாள்.

"இப்ப நீ டீச்சர், நான் பையன். கூப்புடு பாக்கலாம்."

எருமையைக் கூப்பிட்டாள், ஆடுகளைக் கூப்பிட்டாள். அவன் முறை வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க..."

"அப்பிடி ஒரு பையன் இந்த வகுப்புல இல்லீங்க டீச்சர்."

"வெளையாடாதீங்க மாமா."

"பேரு சொல்லிக் கூப்புட்டாத்தான் கையத் தூக்குவேன். ஆராச்சும் வந்து உன்ர புருசன் பேரென்னன்னு கேட்டா என்ன பண்ணுவே?"

அவள் தாலியைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டு எழுந்துவிட்டது.

அதை நினைத்துக்கொண்டே மரத்தில் சாய்ந்தவள் கொஞ்சம் கண்ணயர்ந்தும் போனாள்.

மணி அடித்தபோது மயிலம்மாள் சொன்னபடியே வந்தாள். "வா அம்மிணி" என்று கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீளமான வார்டுக்குள் கூட்டிப் போனாள். ஒரு கட்டிலருகே நின்று, பெரிய வெகுமதியைக் கொடுப்பவள் போலத் தள்ளி நின்றாள்.

"இந்தாருங்க, உங்க ஊட்டம்மா."

நரைத்த மீசை வைத்த ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பூவாத்தாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆருங்க இது?"

மயிலம்மாள் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவருதான..."

"இவரில்லீங்க."

"பின்ன நீ..." என்று மயிலம்மாள் பூவாத்தாளின் கழுத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "தங்கமா? நீ தங்கம்னா சொன்னே? நான் பொன்னுன்னு நெனச்சுட்டனே, அடி பாவி, நான் பொன்னுன்னல்ல நெனச்சேன்!"

தன் புருஷன் பேரில் பாதியைச் சொல்லிவிட்டதை மயிலம்மாளே கவனிக்கவில்லை.

வார்டின் கோடியில் யாரோ "பூவாத்தா" என்று கூப்பிட்டார்கள். சின்னராஜ். கூடவே கோட்டுப் போட்ட பெரிய வாத்தியார் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கடைசிக் கட்டிலில் தலையோடு கால் போர்த்தியிருந்தது.

அவள் நடந்து போனாள். சின்னராஜ் அவள் தோளைப் பிடித்தான்.

"நீ எங்க சாமி இருந்தே? மத்தியானத்துக்கு மேலதான் உசுரு போச்சாம். அதுவரைக்கும் கண்ணு வாசல்லயே இருந்துச்சாம். எங்க இருந்தே நீ?"

"மரத்தடியிலண்ணா" என்றாள். "பொரி தின்னுட்டு இருந்தேன்."

பக்கத்துக் கட்டில்காரர் யாரும் கேட்காமலே பேசினார். "காச்ச வேகத்துல காத்தாலருந்து 'உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா'ன்னு கையத் தூக்கிட்டே இருந்தாருங்க. ஆரு கூப்புட்டாங்கன்னு தெரியலீங்க."

மயிலம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பூவாத்தாள் அழவில்லை. அழ வேண்டும் என்பதே அவளுக்கு நினைவில்லை. மடியில் ஒட்டியிருந்த பொரியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

கம்பவுண்டர் வந்து சின்னராஜைப் பார்த்துக் கேட்டார். "பிரேதத்த எடுத்துட்டுப் போறவங்க நீங்கதான? எறந்தவரு பேரு சொல்லுங்க."

சின்னராஜ் தொண்டையைச் செருமினான். பூவாத்தாள் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"தங்கசாமி" என்றாள்.

கம்பவுண்டர் போதும் என்பதுபோல் தலையாட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்து, தொழுவத்தில் ஆஜர் கூப்பிட்ட அதே குரலில், கொஞ்சம் உரக்க மறுபடியும் சொன்னாள்.

"தங்கசாமி."

துப்பட்டிக்கு வெளியே அவன் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. வடக்கயிறு பிடித்துக் காய்த்த உள்ளங்கை, விரலிடுக்கில் சாக்குக்கட்டி வெள்ளை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.