அதேதான்

என் வேலை துப்புவது. ஸ்காட்லாந்திலிருந்து வரும் மால்ட் விஸ்கிகளை முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் புரட்டி, பக்கத்திலிருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பிவிட்டு, எந்தப் பீப்பாயை எங்கள் கம்பெனி எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "குடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதினோரு வருடமாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. குடிப்பது மூக்கு. வாய் சும்மா சாட்சிக் கையெழுத்துப் போடுகிறது.

அந்த மூக்குதான் போய்விட்டது. ஏழு வாரத்துக்கு முன்பு ஒரு சாதாரண ஜலதோஷம் வந்தது, போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வரும். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்லவா இத்தனை வருடம் படித்தார் என்று எரிச்சலாக இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். அதைவிட, வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

வாசனை இல்லாத உலகம் சத்தத்தை அணைத்த டிவி மாதிரி இருந்தது. எல்லாம் நடந்தது, எதுவும் என்னிடம் வரவில்லை. குளித்துவிட்டு வரும் கணவர் ஒரு படம்போலக் கடந்து போனார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பவுடர் பூசி வந்தாரா, வெயிலில் வியர்த்து வந்தாரா, தெரியாது. கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்தேன். கனவில் மட்டும் வாசனை வந்தது. தூக்கத்தில் ஆரஞ்சு உரிப்பேன், தோலிலிருந்து தெறித்த மணம் அறையெல்லாம் நிற்கும். விழித்த பிறகும் கண்ணைத் திறக்காமல் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்ப்பேன். நழுவிவிடும்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். நல்ல சாம்பிளாகக் கொண்டுவந்து நீட்டினால், "ஊசி போடறதுக்கு முன்னாடி நர்ஸ் பஞ்சுல தடவுவாங்களே, அந்த வாசனை" என்பார். எந்த மால்ட்டை நீட்டினாலும் இதே பதில். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நானும் விடாமல் சொல்லிவந்தேன். போன வாரம் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கறுத்தே போனது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, வீடே நாறுது. உனக்குத் தெரியலையா?"

"முக்கியமான செய்தி, அதான் கவனிக்கலை" என்றேன். அவர் வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாக என்னைப் பார்த்தார். கழுதை யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலை செய்யும் அறை மாடியில் இருக்கிறது. வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, வெயில் நேராக விழாத ஒற்றை ஜன்னல். கிளாஸ்கள் மட்டும் கருநீலம். விஸ்கியின் நிறம் தெரிந்தால் மூக்கு சோம்பேறியாகிவிடும் என்பதால் அப்படி. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவருக்கு நான் வைத்த பெயர் மோப்பம். நேரில் சார். வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மனிதர், புருவத்தை மட்டும் தாராளமாக உயர்த்துவார். அறையின் மூலையில் ஒரு தொட்டி. அங்கே கிளாஸ் கழுவித் துடைத்து, சாம்பிள்களை ஊற்றி, மூடி போட்டு வரிசையாக வைப்பது அக்காவின் வேலை. நான் சேரும் முன்பிருந்தே அவர் இங்கே இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அக்கா.

எங்களிடம் ஒரு நோட்டு உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் அனுப்பும் குறிப்பில் அவர்கள் மலையில் பூக்கும் பூவெல்லாம் வரும். அந்தப் பூவை நானும் கண்டதில்லை, மோப்பமும் கண்டதில்லை. ஆகவே ஒரு சட்டம் போட்டோம். இரண்டு பேரும் முகர்ந்து அறிந்த பொருளின் பெயரைத்தான் எழுத வேண்டும். புகையும் மருந்தும் அடிக்கும் தீவு மால்ட்டுக்கு 'ஆஸ்பத்திரி வராண்டா'. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்து பழுத்ததற்கு 'பழைய பெட்டியில் உலர் திராட்சை'. நான் முதலில் படிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அதேதான்" என்பார். எனக்குக் கொடுக்கும் மரியாதை என்றே அதை நினைத்திருந்தேன்.

தினமும் எல்லாவற்றுக்கும் முன்பு ஒரே ஒரு மால்ட்டை முகர்வோம். அதை வைத்துத்தான் மற்றவற்றை அளப்பது. வீட்டில் நுழைந்ததும் முதலில் முகம் கொடுக்க வேண்டிய பெரிய மனிதர் என்பதால் அதற்கு 'மாமா' என்று பெயர். மாமாவுக்கு நோட்டில் மூன்றே வார்த்தை: மழை நின்ற சிமெண்ட், உரித்த ஆரஞ்சுத் தோல், ஊதி அணைத்த மெழுகுவர்த்தி. பதினோரு வருடமாக ஒவ்வொரு காலையும் இந்த மூன்றும் வரிசை மாறாமல் வந்தன. அந்த ஜலதோஷம் வரைக்கும்.

ஏழு வாரமும் எப்படிச் சமாளித்தேன் என்றால், மோப்பத்தின் முகத்தைப் பார்த்து. கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் மெல்லப் புருவத்தை உயர்த்துவேன். அவர் புருவம் உயர்ந்தால் சரக்கு நல்லது. அவர் நம்பி உயர்த்துகிறாரே என்று என் புருவம் இன்னும் கொஞ்சம் உயரும். அதைப் பார்த்து அவருடையது நெற்றி வரை போகும். பிறகு பழைய நோட்டு ஞாபகத்திலிருந்து நாலு வார்த்தை எடுத்து எழுதுவேன். "அதேதான்" என்பார். அப்படியே இரண்டு பீப்பாய்களுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தோம்.

அன்று ஆறு சாம்பிள். கம்பெனி இந்த வருடம் தன் பெயர் போட்டு வெளியிடப்போகும் ஒற்றைப் பீப்பாயை அதிலிருந்து நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு மேனேஜரம்மா வந்து தாளை வாங்கிக்கொள்வார். பத்து மணிக்கு நான் போனபோது ஒன்று முதல் ஆறு வரை எண் ஒட்டிய கிளாஸ்கள் மூடியோடு தயாராக இருந்தன. அக்காவைக் காணோம்.

"மாமாவை அப்புறம் பாத்துக்கலாம், நேரமில்லை" என்றார் மோப்பம். எனக்கும் அது வசதியாக இருந்தது. தெரியாத மாமாவுக்கு எதற்குத் தினமும் வணக்கம்?

மூடியை எடுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, முகர்ந்தேன். வெறும் குளிர்ச்சி. வாயில் ஊற்றினால் லேசான இனிப்பு, நுனி நாக்கில் சுருக்கென்று ஒரு காரம். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. ஆறும் ஒரே மாதிரி இருந்தன. எனக்கு இப்போது எல்லாமே ஒரே மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மேகம் நகர்வதைப் பார்த்தபடி எழுதினேன். கையே கனவு கண்டது. ஒன்றுக்குப் புதுச் செருப்பு. இரண்டுக்கு ஆஸ்பத்திரி வராண்டா. மூன்றுக்குப் பள்ளிக்கூடப் பையில் மறந்துபோன வாழைப்பழம். நாலுக்கு வெயிலில் காய்ந்த போர்வை. அந்த நாலின் மேல் எனக்கே ஆசை வந்துவிட்டது. அதைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று அடிக்கோடு போட்டேன்.

உரக்கப் படித்தேன். மோப்பம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆறுக்கும் ஆறு முறை "அதேதான்" சொன்னார். நாலுக்கு மட்டும், "அடடா" என்று ஒன்று சேர்த்தார்.

அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி.

"சாம்பிள் பெட்டி இப்பதான் வந்துச்சு மேடம். கீழே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வர்றேன்" என்றவர், மேஜையைப் பார்த்து நின்றார். "ஐயோ, அதை ஏன் எடுத்தீங்க?"

"அப்ப இந்த கிளாஸ்ல இருக்கறது என்ன?" என்றேன்.

"புது கிளாஸ் மேடம். அட்டை வாசம் போகட்டும்னு ஆறுலயும் மாமாவை ஊத்தி ஊற வெச்சிருந்தேன்."

அக்கா என் தாளை எட்டிப் பார்த்தார். புதுச் செருப்பு, ஆஸ்பத்திரி வராண்டா, வாழைப்பழம். பெற்ற பிள்ளையைத் தெருவில் பார்த்து "யாருப்பா நீ?" என்று கேட்டதுபோல எனக்கு உடம்பு கூசியது.

"சார், எனக்கு ஏழு வாரமா வாசனையே வரலை" என்றேன். மேஜையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "உங்க முகத்தைப் பாத்துதான் எழுதினேன்."

மோப்பம் கிளாஸின் மூடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"எனக்கு நாலு வருஷமாச்சும்மா."

"என்னது?"

"நாலு வருஷம். நான் உங்க முகத்தைப் பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த எவர்சில்வர் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நாலு வருடம் என் உழைப்பில் குளிர்காய்ந்த மனிதர்! அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால்கூட இரண்டு பேரும் ஒரே குழியில்தான் விழுவார்கள். நாங்கள் இருவரும் ஒருவர் புருவத்தில் ஒருவர் ஏறி ஆகாயத்துக்கே போய்க்கொண்டிருந்தோம்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க படிப்பீங்க, நான் கண்ணை மூடிப்பேன். ஆரஞ்சுத் தோல்னு நீங்க சொன்னா எனக்கு அது வரும். நெஜமா வரும்மா. அதுக்காகத்தான் தினமும் வந்தேன்" என்றார். "இந்த ஏழு வாரமா நீங்க சொன்ன எதுவும் வரலை. எனக்குத்தான் முத்திப்போச்சுன்னு நெனச்சேன்."

என் சிரிப்பு அப்படியே நின்றது. காலி வார்த்தை என்று அவருக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தை ஏமாற்றலாம், அதை ஏமாற்ற முடியவில்லை. அவருக்காக எனக்கு அழுகை வந்தது. எனக்காகவும்தான்.

அக்கா அதற்குள் ஆறு கிளாஸையும் கழுவிவிட்டு, பெட்டியைப் பிரித்து, நிஜச் சாம்பிள்களை ஊற்ற ஆரம்பித்திருந்தார். ஒவ்வொன்றையும் மூடும் முன் குனிந்து ஒரு முறை முகர்ந்தார். தினமும் அப்படித்தான் செய்கிறார். பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறேன், பார்த்ததே இல்லை.

"அக்கா, நாங்க போன மாசம் சம்மதம் குடுத்தோமே ரெண்டு பீப்பா, அது எப்படி இருந்துச்சு?"

அவர் தயங்கினார். "ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு அடைச்ச சாக்கடை மேடம். பெரியவங்க நீங்களே நல்லாருக்குன்னு எழுதிட்டீங்க, எனக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

நாற்காலியை இழுத்து மேஜை முன் போட்டேன். "உக்காருங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா?" என்றார் மோப்பம்.

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். முதல் இரண்டையும் மாமாவுடைய தம்பிகள் என்றார். மூன்றாவதை முகர்ந்ததும் உதட்டைப் பிதுக்கித் தள்ளிவைத்தார். ஐந்தாவதில் நிறுத்தி, மூடி, திறந்து, மறுபடி முகர்ந்தார்.

"காய்ச்சல் விட்ட பிள்ளையோட நெத்தி" என்றார் மெதுவாக. "வேர்த்து, ஈரமா, லேசா உப்பா. முத்தம் குடுக்கும்போது வருமே, அது. அப்புறம் கொஞ்சம் தேன். மருந்துக்குக் குழைச்ச தேன்."

மோப்பம் கண்ணை மூடியிருந்தார். அவர் புருவம் அசையவில்லை. மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"வருதா சார்?" என்றேன்.

"வருதும்மா."

நானும் கண்ணை மூடினேன். எனக்கு வரவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, பக்கத்து அறையில் யாரோ இருப்பது தெரிவதுபோல. ஏழு வாரத்தில் அவ்வளவு நெருக்கமாக எதுவும் வந்ததில்லை.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஐந்து. காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி, குழைத்த தேன். அடியில், எங்கள் இருவருக்கும் இப்போது வாசனை தெரியாது என்றும், போன மாதம் சம்மதம் கொடுத்ததில் ஒரு பீப்பாயை நிறுத்திவைக்க வேண்டும் என்றும், அது எது என்று அக்காவிடம் கேட்டு எண்ணோடு எழுதினேன். படிக்கட்டில் மேனேஜரம்மாவின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

கடைசியில் 'முகர்ந்தவர் பெயர்' என்று ஒரு கட்டம். வழக்கமாக யோசிக்காமல் என் பெயரைப் போடும் இடம். பேனா அங்கே வந்து நின்றுவிட்டது.

"அக்கா, உங்க பேர் என்ன?"

கேட்ட பிறகுதான் காது கூசியது. அவர் சொன்னார். எழுதினேன். ஓர் எழுத்து தப்பு என்று, எழுந்து வந்து என் தோளுக்கு மேல் குனிந்து, அந்த இடத்தில் விரலை வைத்தார். திருத்தினேன்.

"அதேதான்" என்றார்.

அந்த விரல் என் முகத்துக்கு அத்தனை அருகில் இருந்தது. காலையில் ஆறு கிளாஸிலும் மாமாவை ஊற்றிய கை. மழை நின்ற சிமெண்ட், உரித்த ஆரஞ்சுத் தோல், ஊதி அணைத்த மெழுகுவர்த்தி. மணத்திருக்கும்.