சேர்த்துத் திருப்பிய பக்கம்

அயோவாவில் எங்கள் சர்ச்சில் பியானோ வாசிக்கும் ஆர்டித், யாரும் கேட்டிராத அமெரிக்க இசையமைப்பாளர்களைத் தேடிப்பிடித்து வாசிப்பவள். வாசிக்கும்போது அவளுக்கு இசைத்தாளின் பக்கம் திருப்புவது நான். அன்று, காலமான ஆரின் ஹாகன் பியானோவுக்கென எழுதிய சொனாட்டா என்ற நீண்ட இசைக்கோவையை வாசிக்க இருந்தாள். அவருடைய அண்ணன் மகள் லெனோர் முதல் வரிசையில் இருந்தாள். அவர் எழுதிய மற்றதெல்லாம் ஒரு பெட்டியில் அவளிடம் இருந்தது. வாசிப்பு பிடித்தால் ஆர்டித்துக்குத் தருவதாகவும், இல்லையென்றால் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

நடுவில் ஒரு பகுதி ஆர்டித்தின் விரல்களுக்கு வசப்படவே இல்லை.

"அங்க ரெண்டு தாளையும் சேர்த்துத் திருப்பிடு," என்று தொடங்கும் முன் என் காதில் சொன்னாள். "இதுக்கு ரெக்கார்டே கிடையாது. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் தலையசைத்ததும் அப்படியே திருப்பினேன். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

காபி குடிக்கும்போது லெனோர் வந்தாள். "இடது கை தடதடன்னு ஓடுமே, அது எங்க போச்சும்மா?"

ஆர்டித்தின் முகம் சிவந்தது. "எனக்கு அது வரலை, லெனோர்."

"சித்தப்பாவுக்கும்தான் வராது. ஒவ்வொரு தடவையும் அங்க தடுக்கி, பியானோவைத் திட்டுவார். அதுக்காகவே நாங்க பிள்ளைங்க காத்திருப்போம். தப்பா இருந்தாலும் பரவாயில்ல, வாசி."

ஆர்டித் கோப்பையை வைத்துவிட்டுப் பியானோவின் முன் உட்கார்ந்தாள். இந்த முறை தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பல இடங்களில் தடுக்கினாள். ஓரிடத்தில் நின்றே போனாள். லெனோர் சிரித்துக்கொண்டே என்னிடம் கார் சாவியை நீட்டினாள்.

"பெட்டி டிக்கியில இருக்கு. கனமா இருக்கும், பாத்துத் தூக்கு."