நேர்க்கோட்டில் விமானம் இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தங்கை கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

"அண்ணா, அவர் இருக்கற ஊருக்கு ஃப்ளைட்ல எவ்ளோ நேரம்?"

இணையத்தில் தட்டிப் பார்த்து, பதினோரு மணி நேரம் என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, அந்த ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். போய் நான்கு வருடம். ரொம்ப தூரம், லீவு கிடைக்கவில்லை என்பதைத் தவிர இப்போதெல்லாம் போனில் அவரிடம் வேறு பேச்சில்லை.

2

முதல் வரி: 'அவள் விமானத்தில் ஏறினாள், பதினோரு மணி நேரத்தில் இறங்கினாள்.'

(அடித்துவிட்டேன். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர் விமானமே கிடையாது. வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் இல்லாத விமானத்தை ஓட்டி, அந்த இணையப் பக்கம் நேரம் சொல்லியிருக்கிறது. என்னைவிடப் பெரிய கதாசிரியன்.)

நிஜத்தில் இரண்டு இடங்களில் இறங்கி ஏறி, நடுவில் ஒரு பகல் முழுக்கக் காத்துக்கிடந்து, ஏறக்குறைய இரண்டு நாள். கேட்டதும் பின்வாங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

3

பின்வாங்கும் பாத்திரங்கள்தான் எனக்கு எழுத வரும். ஆகவே: 'பெட்டியைத் திரும்ப அலமாரிமேல் வைத்தாள், ஏனென்றால் அவள் மனதில்...'

வாசித்துக் காட்டினேன். பெட்டிக்குள் கம்பளிச் சட்டையை அமுக்கிக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் வராதே என்பார் என்றாள். அங்கே வேறு யாராவது இருந்தால் என்று நான் வாயெடுத்ததும் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இருந்தா இருக்கட்டும்ணா. அத போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டேன். நேர்ல பாத்துட்டு, இருக்கறதா திரும்பறதான்னு நானே முடிவு பண்றேன். நீ கதைல என்ன வேணா எழுது, பெட்டிய மட்டும் அலமாரில ஏத்தாத."

4

இதை எழுதும் இந்த நேரத்தில் அவள் கடைசி விமானத்தில் இருக்கிறாள். போன் போகாது. கதையில் என்றால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கடலைத் தாண்டிவிடலாம்.*

எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்குப் பயமே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் காத்திருந்த இடத்திலிருந்து பேசியபோது குரல் நடுங்கியது. திரும்பி வந்துவிடேன் என்றேன். பாதி தாண்டியாயிற்று, இனி வீடும் அதே தூரம்தான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

* போட்டுப் பார்த்தேன். அவள் இன்னும் கடலுக்கு மேலேதான் இருக்கிறாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதியிருந்தேன். ஒன்றில் மாப்பிள்ளை பனியனோடு வந்து கதவைத் திறந்து திருதிருவென்று விழிக்கிறார். மற்றதில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து யார் வேண்டும் என்று கேட்கிறாள். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வாசகரே, அவள் அழைப்பு மணியை அமுக்குவதுவரை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அழுத்தமாகவே அமுக்குவாள். அதோடு நிறுத்துங்கள். கதவைத் திறப்பது யார் என்று அவளுக்கு முன்னால் நாம் பார்க்கக் கூடாது. அவ்வளவு தூரம் போகிறவள் அவள்தான்.