அசல் அளவு

புதிய ஓவிய டீச்சர் வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓவியப் பீரியடுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. கணக்குப் பாடம் முடியாவிட்டால் கணக்கு டீச்சர் அதை எடுத்துக்கொள்வார். யாருக்காவது பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தால், பிள்ளைகளை அந்த அறையில் கொண்டுவந்து உட்காரவைத்து, "சத்தம் போடாம எதையாவது வரைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவள் வந்தபிறகு அது மாறியது. அவளிடம் ஓவிய வரலாறு பற்றிய கனமான புத்தகம் ஒன்று இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது, முதுகு கிழிந்து துணி ஒட்டியது. அதில் வாரம் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதே மாதிரி அவர்களையும் செய்யவைப்பாள். குகை ஓவியம் என்றால் ஜன்னல்களைப் போர்வையால் மூடி, கசக்கிய பழுப்புத் தாளைச் சுவரெங்கும் ஒட்டி, ஆளுக்கொரு கரித்துண்டு கொடுத்தாள். கூரையில் படம் தீட்டியவரின் கதையைச் சொன்ன வாரம், பெஞ்சுகளின் அடிப்பக்கம் தாளை ஒட்டிவிட்டு மூன்றாம் வகுப்பின் இருபத்தெட்டுப் பேரையும் தரையில் மல்லாந்து படுத்து வரையச் சொன்னாள். சாயம் வழியாத முகம் ஒன்றுகூட அன்று வீட்டுக்குப் போகவில்லை. "பிள்ளைங்க படம் வரைஞ்சாங்களா, படம் பிள்ளைங்கள வரைஞ்சுதா?" என்று தலைமையாசிரியை கேட்டார். கேட்டாரே தவிர, அடுத்த வாரம் கணக்கு டீச்சர் அந்தப் பீரியடைக் கேட்டபோது தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

புள்ளி ஓவியத்தின் வாரம் வந்தது. கோடே இல்லாமல், லட்சக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகளால் மட்டும் தீட்டிய ஆற்றங்கரைப் படம் ஒன்று அந்தப் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு இருந்தது. குடை பிடித்த பெண்கள், புல்லில் சாய்ந்திருக்கும் ஆட்கள், ஒரு நாய். பிள்ளைகள் புத்தகத்தைச் சுற்றிக் குவிந்தார்கள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்டு 'வக்கீல்' என்று பேர் வாங்கியிருந்த பையன் கேட்டான்:

"டீச்சர், இத நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

அந்தப் படம் எங்கோ வேறொரு நாட்டுப் பெருநகரில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. அவள் பிறந்த ஊரைவிட்டு இந்த ஊருக்கு வந்ததுதான் அவள் செய்த மிக நீண்ட பயணம். ஆனால் இருபத்தெட்டு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பார்த்திருக்கேன்" என்றாள்.

வகுப்பு மூச்சை இழுத்துக்கொண்டது. அவள் மேலும் சொன்னாள். மூக்கு படுகிற மாதிரி கிட்டே போய் நின்றதைச் சொன்னாள். கிட்டே வெறும் புள்ளி, தள்ளிப் போகப் போக ஆறு தெரிந்தது என்றாள். அதெல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். வக்கீல் விடவில்லை. "எவ்வளவு பெருசு டீச்சர்?"

அவள் இரண்டு கைகளையும் தோள் அகலத்துக்கு விரித்துக் காட்டினாள். "இவ்வளவுதான். சின்னப் படம்."

"அப்போ நாமளும் அதே அளவுல செய்யலாமா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. டீச்சர் விரித்த கைகளையே அளவாக வைத்து அட்டையை வெட்டினார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சிகளைச் சாயத்தில் தொட்டு, முறைபோட்டுப் புள்ளி வைக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது வாரம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து நின்றாள். குரல் கீச்சென்று இருப்பதால் எல்லாரும் அவளைக் குருவி என்பார்கள். பள்ளியில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

"டீச்சர், அந்தப் படம் சின்னது இல்ல. சுவர் அளவுக்கு இருக்கும். அண்ணாந்துதான் பார்க்கணும். எங்கம்மா சொன்னாங்க. எங்கம்மா அது இருக்கற இடத்துலதான் வேலை பார்த்தாங்க."

பிள்ளைகள் திரும்பிக் குருவியைப் பார்த்தார்கள், பிறகு டீச்சரைப் பார்த்தார்கள்.

"நான் கண்ணால பார்த்தேன்னு சொல்றேன்" என்றாள். "தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லக்கூடாது கண்ணு. வகுப்புல கதை விடக்கூடாது."

அவள் அதட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால் வகுப்பும் சிரித்தது. "புளுகுணி" என்றான் வக்கீல். நாலைந்து பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். டீச்சர் காதில் அது விழுந்தது. அவள் சாயக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுவதில் மும்முரமாக இருப்பது போலக் குனிந்துகொண்டாள். குருவி உட்கார்ந்தாள். பீரியட் முடியும்வரை அவள் பஞ்சுக் குச்சியைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் டீச்சர் புத்தகத்தை எடுத்தாள். படங்களின் விவரம் எல்லாம் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கங்களைப் புரட்டியதே இல்லை. உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். அகலம் மூன்று மீட்டர். அவள் உட்கார்ந்திருந்த அறையின் சுவரில் அந்தப் படத்தை மாட்ட இடம் போதாது.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டான் பேருந்து ஓட்டிவிட்டு வந்திருந்த அவள் கணவன்.

"தலைவலி" என்றாள். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். அளவு தப்பாகிவிட்டது என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாள் காலையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். வகுப்பில் நுழைந்து அந்த முகங்களைப் பார்த்ததும் சாயக் கிண்ணங்களை எடுத்துவைக்கத் தொடங்கிவிடுவாள். இடைவேளையில் பிள்ளைகள் "புளுகுணி, உங்கம்மா ராக்கெட்லயும் வேலை பார்த்தாங்களா?" என்று கேட்பது ஓவிய அறை ஜன்னல் வழியே கேட்கும். அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல் இருந்தது. வலித்தது, ஆனால் வாய் திறக்க வழியில்லை. இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் பெற்றோருக்கான கண்காட்சி. கரிக் குதிரைகள், முட்டை ஓட்டுச் சில்லுகளை ஒட்டிச் செய்த மீன்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் புள்ளிப் படம். கீழே பிள்ளைகளே வண்ண எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'அசல் அளவில்.' தலைமையாசிரியை வந்தவர்களையெல்லாம் அதன்முன் நிறுத்தி, "எங்க டீச்சர் நேர்ல பார்த்துட்டு வந்து சொல்லிக்குடுத்தது" என்றார்.

கடைசியாக ஒரு பெண் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. விரல் நுனிகள் சலவைச் சோடாவில் ஊறி வெளுத்திருந்தன. படத்தை நெடுநேரம் பார்த்தார். எழுத்தையும் படித்தார். பிறகு டீச்சரிடம் வந்தார்.

"பாப்பா சொன்னா. நீங்களும் பார்த்திருக்கீங்கன்னு. நான் அங்க ஆறு வருஷம் தரை துடைச்சேங்க. இங்க வந்தப்புறம் அதப் பார்த்த ஆள் ஒருத்தரக்கூட நான் பார்த்ததில்ல. நீங்க எந்த வருஷம் போனீங்க?"

அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை. சொந்த ஊர்க்காரரை வழியில் பார்த்தவரைப் போல மலர்ந்திருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ சொன்னது. தலைமையாசிரியை இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப வருஷம் இருக்கும்" என்றாள் டீச்சர்.

குருவியின் அம்மா அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான். முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல அடங்கியது.

"அப்போ பழைய கட்டடத்துல இருந்திருக்கும்" என்றார். "அங்க தூரத்துல மாட்டியிருப்பாங்க. சின்னதாத்தான் தெரிஞ்சிருக்கும். நீங்க சொன்னது சரியா இருக்கும்." பிறகு மகளின் பக்கம் குனிந்தார். "பாப்பா, டீச்சர எதுத்துப் பேசினல்ல. மன்னிப்புக் கேளு."

குருவி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். நம்ப முடியாமல் பார்த்தாள். அம்மாவின் கை அவள் தோளில் அழுந்தியது.

"மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்றாள் தரையைப் பார்த்து.

"பரவாயில்ல" என்றாள் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் பிற்பாடு பொறுக்க முடியவில்லை. முதல் பொய் வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அளவு தெரியாமல் சொன்னது என்று சமாதானம் செய்துகொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளை செய்யாத குற்றத்துக்குக் கேட்ட மன்னிப்பைக் கைநீட்டி வாங்கிக்கொண்டதற்கு என்ன சொல்வது? வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "படத்தோட அளவுதானே, இதுல என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தவன், அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்ட இடம் வந்ததும் எழுந்துபோய் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். "போய்ச் சொல்லிட்டு வா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பள்ளிக்கு மதியம்வரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பின்பக்கத்துக் கூடத்தில் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. குருவியின் அம்மா ஆவி பறக்கும் படுக்கைவிரிப்புகளை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து உதறி மடித்துக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்.

"நான் அந்தப் படத்தப் பார்த்ததே இல்லீங்க" என்றாள் டீச்சர். "உங்க பொண்ணு சொன்னதுதான் நிஜம். அன்னைக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும்."

"எனக்கும் நேத்தே தெரியும்" என்றார் அவர். "பழைய கட்டடம்னு அங்க ஒண்ணும் கிடையாது."

"அப்புறம் எதுக்காக..." என்று கேட்டாள் டீச்சர்.

"உங்களக் காப்பாத்தணும்னு இல்ல. எம்பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் உங்ககிட்ட படிக்கணும். தலைமையாசிரியை முன்னாடி உங்கள நான் பொய்க்காரி ஆக்கினா, அத அவதான் சுமக்கணும்." விரிப்பின் ஒரு முனையை எடுத்தவர், மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததைப் பார்த்து நிறுத்தினார். டீச்சர் தயங்கி அதைப் பிடித்தாள். இருவரும் மடித்தார்கள். "ராத்திரி அவ என்கிட்ட பேசல. 'நீயும் பொய் சொன்னியாம்மா?'ன்னு மட்டும் கேட்டா. என்ன பதில் சொல்ல, நீங்களே சொல்லுங்க."

டீச்சர் மடித்த விரிப்பை அடுக்கின்மேல் வைத்தாள்.

"என்கிட்ட வந்து சொன்னது உங்க நல்ல மனசு" என்றார் அவர். "ஆனா அவ அத்தனை பிள்ளைங்க முன்னாடி நின்னா."

மதியம் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். படத்தை நேரில் பார்த்ததில்லை, பார்த்ததாகப் பொய் சொன்னேன். குருவி உண்மையைச் சொன்னபோது அவளைப் பொய்க்காரி ஆக்கினேன். நீங்கள் அவளைப் புளுகுணி என்று கூப்பிட்டபோது கேட்டும் சும்மா இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

வக்கீல்தான் முதலில் பேசினான். "அப்போ நாம செஞ்சது அசல் அளவு இல்லையா?"

"இல்ல."

"மூணு வாரம் டீச்சர்" என்றான் அவன், பெரிய ஆள் மாதிரி.

டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போனாள். "நான்தான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

குருவி யோசித்தாள். "நேத்து நான் கேட்டேனே, அத நான் திருப்பி எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ."

"சரி" என்றாள் குருவி. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீச்சர் மேஜைக்குத் திரும்பிவந்தாள்.

தலைமையாசிரியையிடமும் அன்றே போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். "அத்தனை பேர்கிட்ட பெருமையா சொன்னேனே" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசியில் கணக்கு டீச்சர் அந்த வாரத்து ஓவியப் பீரியடைக் கேட்டபோது கொடுத்துவிட்டார்.

'அசல் அளவில்' என்ற எழுத்தை வக்கீலே கிழித்தெடுத்தான். குருவியைப் புளுகுணி என்று கூப்பிடுவது ஒரே நாளில் நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் யாராவது கூப்பிட்டுவிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை அவள் ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டாள். புதிய பக்கம் எதைத் திறந்தாலும் பிள்ளைகள் இப்போது முதலில், "நேர்லயா, புத்தகமா டீச்சர்?" என்று கேட்டார்கள். "புத்தகம்" என்பாள். "அளவு?" என்பார்கள். கடைசிப் பக்கங்களைப் புரட்டி வாசித்துக் காட்டுவாள்.

களிமண் வாரத்தில், பழங்காலத்துப் பானை ஒன்றைப் பார்த்துத் திரித்திரியாக மண்ணை உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குருவியின் பானை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் தலை தூக்கி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் எழப் போனாள். அதற்குள் குருவி பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "இதக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா?" என்று கேட்டாள். டீச்சர் மறுபடி உட்கார்ந்து, மேஜையில் காய்ந்திருந்த மண்ணை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.