தொண்ணூற்றொன்பது மில்லிமீட்டர்

1

இந்தக் கதை ஒரு சின்னத் தப்பிலிருந்து பிறந்தது. யாருடைய தப்பு என்பதை முடிந்தவரை தள்ளிப்போடப் பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

'2004ஆம் ஆண்டு, விருத்தாசலத்துச் சூளைகள் புகைந்துகொண்டிருந்த ஒரு காலையில்...' (வேண்டாம். மாரியம்மாளை விட்டுவிட்டுப் புகையைப் பிடித்துக்கொள்கிறேன்.)

மாரியம்மாள் ஆறாவதோடு பள்ளியை விட்டவர். ஆதிநாராயணனின் பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைக்கு அச்சு செய்பவர். புதிதாக வந்த மண், சுட்டால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சூளையிலிருந்து வரும் கட்டையோ சரியாகத் தொண்ணூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மாதிரி பொருந்தினால் பெரிய ஆர்டர். இல்லையென்றால் பட்டறையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். பதினோரு பெண்களின் பிழைப்பு அந்த ஒரு அச்சில் இருந்தது.

3

பத்தில் ஒன்று குறைகிறதா, பத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டால் ஆயிற்று என்று அவருக்குத் தோன்றியது. தொண்ணூறோடு ஒன்பது. அச்சைத் தொண்ணூற்றொன்பதுக்குச் செய்தார்.

(கணக்குத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் உச்சுக்கொட்டுவீர்கள். சுருங்குவது, இன்னும் சுடாத பச்சைக் கட்டையின் நீளத்தில் பத்தில் ஒன்று. அந்த நீளத்தை x என்று வைத்தால், x − x/10 = 90. அதாவது 9x = 900. x = 100. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு.)

சூளை திறந்தபோது கட்டை 89.1 இருந்தது. ஃபியூஸ் பெட்டியில் மாட்டினார்கள். பிடிக்காமல் தொளதொளவென்று கழன்று விழுந்தது. ஆர்டர் போயிற்று, அந்த வாரமே பட்டறையும் போயிற்று. மாரியம்மாள் மற்ற பத்துப் பெண்களின் வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னார்: "படிக்காதவ அளவெடுத்தா இப்புடித்தான் ஆவும். என்னாலதான் போச்சு."

4

முடிவு ஒன்று: அச்சை நூறுக்குச் செய்கிறார். (ஓர் எண்ணைத் திருத்த எனக்கு எவ்வளவு நேரம்? திருத்தியும் பார்த்தேன். பட்டறைப் பூட்டு அப்படியே தொங்குகிறது.)

முடிவு இரண்டு: மகளின் புத்தகத்தைப் பார்த்து அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு அவர்... (தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அடித்துவிட்டேன்.)

5

மூன்றாம் பகுதியில் பொய் சொன்னேன். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தேகமாக இருந்ததால்தான், பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டுச் சும்மா இருந்த எதிர்வீட்டுக்காரனிடம் வந்தார்.

"ஒம்போது கூட்டுனா போதுமா தம்பி? எனக்கென்னமோ பத்தாதுன்னு படுது."

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அவன் சொன்னான்: "போதும்க்கா."

அவன் நான்தான்.

என் பெயரை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால், நல்லாயிருக்கியா தம்பி என்று கேட்கிறார். நான் தலையாட்டுகிறேன். கூசுகிறது.

6

'அக்கா, அந்தக் கணக்கை நான்தான்...'

இதற்குமேல் எழுத வரவில்லை. மிச்சத்தை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். காலை ஆறரை பஸ்ஸுக்கு நிற்பார்.