தாண்டிப் போன தட்டு

போன வருஷம் அட்டைப்பெட்டிகளை அடுக்கித்தான் கொலு வைத்தோம். மூன்றாம் நாள் தசாவதாரம் மொத்தமும் சரிந்து வாமனரின் குடை உடைந்தது. "குடை இல்லாட்டி என்ன, வீட்டுக்குள்ள மழையா பெய்யுது?" என்றார் என் கணவர். நான் முறைத்த முறைப்பில், அடுத்த வருஷம் மரப்படி செய்தே தீருவேன் என்று சபதம் எடுத்தார். சபதத்தோடு சரி.

செய்து கொடுத்தது எதிர்வீட்டு அம்மாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். என் மகள் அவருக்கு வைத்த பெயர் பஸ் ஆன்ட்டி. அவர் வேறு நாடு, வேறு மதம். நாங்கள் இருவருமே பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரின் மொழியை அவரவர் நாக்குக்கு வந்தபடி பேசிச் சமாளிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரில் மிஷினும் ஐந்து பலகைகளுமாக வந்து நின்றார். பலகை ஓரங்களில் பென்சிலால் அளவு குறித்திருந்தது.

"அலமாரி பண்றேன்னு எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சது. பாதியில போயிட்டாரு. முடிக்க எனக்கு மனசு வரல. உன் பொம்மைங்களாவது ஏறி உட்காரட்டும்."

அவர் கணவர் இறந்து அப்போது பதினான்கு மாதம்.

இந்த வருஷக் கொலுவின் ஐந்தாம் நாள் மாலை எங்கள் கூடத்தில் நான்கு பெண்கள். மேல்வீட்டு நர்ஸ், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் முதலாளியம்மா, என் மகளின் டீச்சர், கடைசி நாற்காலியில் பஸ் ஆன்ட்டி. ஆளுக்கொரு நாடு. எல்லோரும் படியைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பாராட்ட, அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

குங்குமத் தட்டோடு வந்தேன். நர்ஸ் நெற்றியை நீட்டினாள், வைத்தேன். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வைத்துக்கொண்டார். டீச்சர் உடனே செல்போனில் தன்னையே பார்த்துக்கொண்டாள். பஸ் ஆன்ட்டி நெற்றியில் விழுந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

என் விரல் குங்குமத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

"சுண்டல் எடுத்துக்கோங்க," என்றேன்.

முடியை ஒதுக்கிய கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு, முடியைச் சரிசெய்யத்தான் கையைத் தூக்கியது போல, மெதுவாகத் தடவிக்கொண்டே இறங்கியது.

"அம்மா, ஆன்ட்டிக்கு வைக்கலயே?" என்றாள் மகள்.

"தீர்ந்துடுச்சுடி."

தட்டில் குங்குமம் குவியலாக இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் சுண்டலைப் பார்ப்பது போலக் காட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் கணவர் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஏன் இப்படிப் பண்ண?"

"உங்க அக்கா வந்திருக்காங்களே, ஏதாவது சொல்லுவாங்கன்னுதான்..."

"என்னை இழுக்காதே," என்றது சமையலறையிலிருந்து என் நாத்தனாரின் குரல். அவர் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. "நான் இங்க காபி கலந்துட்டிருந்தேன். நானா இருந்தா வச்சிருப்பேனான்னு கேட்டா, தெரியாதும்மா. ஆனா இவ்வளவு குங்குமத்தை வச்சுக்கிட்டு தீர்ந்துடுச்சுன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

எனக்குக் காது வரை எரிந்தது. யாரும் தடுக்கவில்லை. யாரும் கண்ணைக்கூடக் காட்டவில்லை. கல்லூரிப் பேச்சுப்போட்டியில் இதையெல்லாம் எதிர்த்துப் பேசி வெள்ளிக் கோப்பை வாங்கிய கை இது. தானாகவே நின்றுவிட்டது.

காலையில் அதே தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். சீருடையில், பாதி போட்ட ஷூவோடு கதவைத் திறந்தார்.

"மன்னிச்சுடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"அந்த நர்ஸும் உங்க சாமியைக் கும்பிடறவ இல்ல. அவளுக்கு வச்ச. நான் என்ன பண்ணேன்?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "நீங்க ஒண்ணும் பண்ணல. உங்க வீட்டுக்காரர் இல்ல... அந்த மாதிரி பெண்களுக்கு எங்க பக்கம் குங்குமம் குடுக்கறதில்ல. நான் அதை நம்பறவ இல்லன்னுதான் நினைச்சுட்டிருந்தேன்."

அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டி முடித்தார். நிமிராமலே கேட்டார்.

"நான் முதல்ல போயிருந்தா, அவருக்கு எதை நிறுத்தியிருப்பீங்க?"

தேடிப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல."

"ம்."

தட்டை நீட்டினேன். நீட்டிய அவசரத்தில் குங்குமம் கொஞ்சம் அவர் வாசலில் சிந்தியது.

"வேண்டாம்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "நேத்து எல்லாரும் பார்க்கத் தாண்டிப் போன. இன்னைக்கு யாரும் பார்க்காதப்போ வந்து குடுக்கற."

"பலகையை வேணும்னா கழட்டித் தந்துடட்டுமா?"

"அது இருக்கட்டும். பொம்மைங்க என்ன பண்ணுச்சு?" கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஆறரை மணி பேருந்து அவருடையது.

வாசலில் சிந்தியதை முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. வீட்டுக்குள் வந்து கொலுவின் எதிரில் நின்றுகொண்டே நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"இன்னைக்குச் சாயங்காலமும் வர முடியுமா? நேத்து நான் ஒரு தப்பு பண்ணேன். நீங்களும் பார்த்தீங்க."

என்ன தப்பு என்று அவள் கேட்கவில்லை.

"வரேன்," என்றாள். "அவங்க வருவாங்களா?"

"தெரியல," என்றேன். மருந்துக்கடை முதலாளியம்மாவின் எண்ணைத் தேடினேன்.