ஏழை என்று எழுதுவதற்கு

வருமானக் கணக்கெடுக்க வந்தவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒரே அறை. சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடமாக எழுந்திருக்காத கொத்தனார் கட்டிலில் கிடந்தார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது.

"ஃபேன் இருக்கு," என்று எழுதினார்.

"படுக்கைப் புண்ணு சார். காத்து படலேன்னா சீழ் வச்சிடும். தோட்டை வித்து வாங்குனேன்," என்றாள் கொத்தனாரின் மனைவி. சித்தாள் வேலைதான். கலவைச் சட்டி சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி தேய்ந்திருந்தது.

"தோடு வேற இருந்துச்சா?" அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தத் தாளில் 'ஏழை' என்று விழுந்தால்தான் ஆஸ்பத்திரியில் இலவச மருந்து தொடரும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நாட்டோட வருமானம் ஏறிடுச்சும்மா. யார் வீட்லயாவது அது ஏறியிருக்கணும்ல?" குரலைத் தாழ்த்தினார். "ஆயிரம் குடு, ஏழைன்னு போட்டுடறேன். மாடி வீட்டு சிமெண்ட் கடைக்காரரே மூவாயிரம் குடுத்து, ரெண்டு மகனுங்களையும் சேத்து ஏழையாக்கிட்டாரு."

"யார்கிட்டயாவது கைமாத்து வாங்கிக் குடுத்துடேன்," என்று முனகினார் கொத்தனார்.

"யார்கிட்டன்னு கேக்குறது? தெருவே ஏழையாயிடுச்சே."

வந்தவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நான் மட்டும் என்ன பண்ண? இந்த வேலைக்கு ஆறு மாசச் சம்பளத்தை முன்னாடியே அழுதிருக்கேன்."

"ஏழைன்னு எழுதிக்கற அளவுக்கு எனக்கு வசதி இல்ல சார். எழுதுறதை எழுதுங்க."

மாத வருமானம் நாற்பதாயிரம் என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். கனவில்கூட அவள் பார்க்காத தொகை. ஐந்தாவதுவரை படித்தவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கையெழுத்து போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடியில் காலியாக இருந்த இடத்தில் கோணல்மாணலாக எழுதினாள்: 'ஆயிரம் கேட்டார். இல்லை என்றேன். அதனால் பணக்காரி.'

அவர் முகம் வெளுத்தது. "என்னம்மா பண்ணிட்ட? நம்பர் போட்ட தாளு. கிழிக்கவும் முடியாது."

"ஆபீஸ்ல இதையெல்லாம் படிப்பாங்களா சார்?"

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"படிக்க மாட்டாங்க. தொகையை மட்டும் கூட்டுவாங்க, அவ்வளவுதான்."

"அப்ப பயப்படாம எடுத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு, கொத்தனாரை மறுபக்கம் புரட்டிப் போட உள்ளே போனாள்.